காஸ்ட் செக்ரிகேஷன்: வாடகை வீட்டின் வரி குறைகிறதா, தள்ளிப்போகிறதா?

அமெரிக்காவில் 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் பெரிய வரிச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு, அங்கே வாடகைக்கு வீடு வாங்கி வைத்திருப்பவர்கள் நடுவே ‘காஸ்ட் செக்ரிகேஷன்’ (வீட்டின் விலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வரிக் கழிவை முன்கூட்டியே எடுப்பது) என்ற பேச்சு சூடுபிடித்திருக்கிறது. “ஒரு வீடு வாங்குங்கள், ஓர் அறிக்கை எடுங்கள், இந்த வருஷச் சம்பள வரி மொத்தமும் திரும்ப வரும்” என்கிறார்கள் விளம்பரம் செய்பவர்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை வீடு வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் தேய்மானம்

வாடகைக்கு விட்ட வீட்டின் விலையை வாங்கிய ஆண்டிலேயே செலவாகக் காட்ட முடியாது. கட்டடம் பல ஆண்டுகள் பயன்படும் என்பதால், விலையையும் பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் கழிக்கச் சொல்கிறது சட்டம். இதுதான் தேய்மானம். கையிலிருந்து அந்த ஆண்டு ஒரு காசும் போகாது. ஆனாலும் வரிக் கணக்கில் அது செலவு.

1986 வரிச் சீர்திருத்தத்தில் பிறந்த முறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. குடியிருப்பு வாடகைக் கட்டடத்துக்கு 27.5 ஆண்டு. கடை, அலுவலகம், கிடங்கு போன்றவற்றுக்கு முதலில் 31.5 ஆண்டு வைத்து, 1993-ல் 39 ஆக்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் சம அளவில் கழியும். நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. அதனால் வாங்கிய விலையில் நிலத்தின் பங்கை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். பொதுவாக உள்ளூர்ச் சொத்துவரி மதிப்பீட்டில் நிலமும் கட்டடமும் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அதே விகிதத்தைப் பயன்படுத்துவார்கள். நிலம்தான் விலையின் பெரும்பகுதி என்ற நிலை உள்ள சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில், கழிப்பதற்கு மிஞ்சுவதே கொஞ்சம்தான்.

எதைப் பிரிக்கிறார்கள்?

வீடு வாங்கும்போது விலை ஒன்றுதான். ஆனால் அந்த விலைக்குள் சுவர், கூரை மட்டுமா இருக்கின்றன? அடுப்பு, ஃப்ரிட்ஜ், கார்ப்பெட், வேலி, கார் நிறுத்தும் தளம், தோட்டம் எல்லாம் இருக்கின்றன. இவற்றைத் தனித்தனியே வாங்கியிருந்தால் சட்டம் குறைந்த ஆயுளே கொடுத்திருக்கும். ஒரே விலைக்குள் அடங்கிவிட்டதால் 27.5 ஆண்டு என்று சேர்த்து எழுதிவிடுகிறோம். காஸ்ட் செக்ரிகேஷன் என்பது இந்த ஒற்றை விலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஆயுளில் வைப்பது. வாடகை வீட்டில் பொதுவாக மூன்று அடுக்கு வரும்:

1. 5 ஆண்டு: அடுப்பு, ஃப்ரிட்ஜ், துவைக்கும் இயந்திரம், மேசை நாற்காலி, பெயர்த்தெடுக்கக்கூடிய கார்ப்பெட், திரைச்சீலை.
2. 15 ஆண்டு: வீட்டுக்கு வெளியே நிலத்தின் மேல் செய்தவை. வேலி, நடைபாதை, கார் வரும் பாதை, தோட்ட அமைப்பு.
3. 27.5 ஆண்டு: மீதி எல்லாம். அஸ்திவாரம், சுவர், கூரை, ஜன்னல், தண்ணீர்க் குழாய், வீடு முழுவதற்குமான ஏசி.

முதல் அடுக்குக்கும் மூன்றாவது அடுக்குக்கும் நடுவிலான கோட்டில்தான் வழக்குகள் நடந்திருக்கின்றன. 1975-ல் சாலையோர விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கு ஒன்றில் (வைட்கோ வழக்கு) வரி நீதிமன்றம் சில கேள்விகளை வகுத்தது. பொருளை நகர்த்த முடியுமா, நகர்த்தியிருக்கிறார்களா, நிரந்தரமாக இருக்கவே வடிவமைத்ததா, எப்படிப் பொருத்தியிருக்கிறது, கழற்ற எவ்வளவு வேலை, கழற்றினால் எவ்வளவு சேதம் என்ற கேள்விகள் அவை. இன்றைக்கும் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

அடுத்த திருப்பம் 1997. அமெரிக்காவின் பெரிய மருத்துவமனை நிறுவனங்களில் ஒன்றான ஹாஸ்பிட்டல் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா தன் மருத்துவமனைகளின் கார்ப்பெட்டையும், குறிப்பிட்ட கருவிகளுக்காகவே போட்ட மின்கம்பிகளையும் குழாய்களையும் தனியே பிரித்துக் காட்டியது. கட்டடத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிப்பதை 1981 சட்டமே நிறுத்திவிட்டது என்று வாதாடியது வரித்துறையான ஐஆர்எஸ். கட்டடத்தின் பாகமான ஒன்றைப் பிரிக்கக் கூடாதுதான், ஆனால் கட்டடத்தின் பாகமே அல்லாத பொருளைப் பிரிப்பதற்குத் தடையில்லை என்று தீர்ப்பு வந்தது. காஸ்ட் செக்ரிகேஷன் ஒரு தொழிலாகவே வளர்ந்தது அந்தத் தீர்ப்பின் மேல்தான். ஐஆர்எஸ்ஸும் பிறகு தன் தணிக்கையாளர்களுக்கு இதற்கென்றே ஒரு வழிகாட்டிக் கையேடு வெளியிட்டது. ஆக, இது சந்து பொந்தில் நுழையும் தந்திரம் அல்ல. சட்டம் ஏற்றுக்கொண்ட முறை.

2025 சட்டம் என்ன மாற்றியது?

வெறும் 5 ஆண்டு, 15 ஆண்டுப் பிரிப்பாக மட்டும் இருந்தால் இவ்வளவு பேச்சு இருக்காது. பேச்சுக்குக் காரணம் ‘போனஸ் தேய்மானம்’. 20 ஆண்டோ அதற்குக் குறைவோ ஆயுள் உள்ள பொருளின் விலையில் குறிப்பிட்ட பங்கை, பயன்பாட்டுக்கு வந்த முதல் ஆண்டிலேயே கழித்துவிடலாம் என்ற சலுகை இது. 27.5 ஆண்டுக் கட்டடத்துக்குக் கிடையாது. 5, 15 என்று பிரித்தெடுத்தவற்றுக்கு உண்டு.

2017 சட்டம் இந்தப் பங்கை 100 சதவீதமாக்கியது. அதுவரை புதிய பொருளுக்கு மட்டும் இருந்த சலுகையை, ஏற்கெனவே வேறொருவர் பயன்படுத்திய பொருளுக்கும் விரித்தது. பழைய வீடு வாங்குபவருக்கு வாசல் திறந்தது அப்போதுதான். 2022 வரை 100. பிறகு 2023-ல் 80, 2024-ல் 60, 2025-ல் 40 என்று இறங்கி, 2027-ல் பூஜ்யமாக வேண்டும் என்பது திட்டம். 2025 சட்டம் அந்த இறக்கத்தை நிறுத்தியது. 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கிய சொத்துக்கு 100 சதவீதம், அதுவும் காலக்கெடு இல்லாமல்.

இந்தத் தேதியில் ஒரு சிக்கல் உண்டு. பத்திரம் எழுதிய நாளை மட்டும் பார்த்தால் போதாது; இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தம் என்று போட்டது என்பதுதான் கணக்கு. 2024 டிசம்பரில் அப்படி ஒப்பந்தம் போட்டு 2025 பிப்ரவரியில் வீட்டைக் கையில் வாங்கியவருக்குப் பழைய 40 சதவீதமே.

ஒரு வீட்டின் கணக்கு

5,00,000 டாலருக்கு ஒரு வீடு. நிலத்தின் பங்கு 1,00,000. மீதி 4,00,000 கட்டடமும் அதிலுள்ளவையும். மாதக் கணக்கு நுணுக்கத்தை விட்டுவிட்டு முழு ஆண்டாகவே பார்ப்போம்.

பிரிக்காவிட்டால்: 4,00,000-ஐ 27.5-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 14,545 டாலர் தேய்மானம்.

பிரித்தால்: 5 ஆண்டுப் பொருள்கள் 60,000, 15 ஆண்டுப் பொருள்கள் 40,000 என்று அறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 1,00,000-மும் முதல் ஆண்டிலேயே கழியும். மீதி 3,00,000-க்கு ஆண்டுக்கு 10,909. முதல் ஆண்டுத் தேய்மானம் 1,10,909 டாலர்.

முதல் ஆண்டில் 96,364 டாலர் கூடுதல் கழிவு. விளம்பரம் இந்த எண்ணோடு நின்றுவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து என்ன ஆகிறது? 14,545 கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 10,909 மட்டுமே. ஆண்டுக்கு 3,636 டாலர் குறைவு. மிச்சமிருக்கும் 26.5 ஆண்டுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள்: 96,364. முன்னால் வாங்கியது முழுக்கப் பின்னால் குறைகிறது. மொத்தக் கழிவு இரண்டு வழியிலும் 4,00,000 டாலர்தான்.

அப்படியானால் லாபம் எங்கே? காலத்தில். 32 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு முதல் ஆண்டில் சுமார் 30,800 டாலர் கையில் நிற்கும். பிறகு ஆண்டுக்கு 1,160 டாலர் அளவில் திரும்பப் போகும். அரசாங்கம் கொடுத்த வட்டியில்லாக் கடன் என்று இதைப் பார்க்கலாம். அந்தப் பணத்தை வைத்து அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டுபவருக்கு இது உண்மையான பலம். வங்கியில் சும்மா கிடக்கப் போகிற பணத்துக்காக இவ்வளவு ஏற்பாடு தேவையா என்பதை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

சம்பளக்காரருக்கு எங்கே தட்டுகிறது?

மேலே சொன்ன 30,800 டாலர் எல்லோருக்கும் கிடைக்காது. டெக்ஸாஸில் கணவன் மனைவி இருவரும் ஐடி வேலை, சேர்ந்து 3,00,000 டாலர் சம்பளம் என்று எடுத்துக்கொள்வோம். அதே வீட்டில் ஆண்டு வாடகை 36,000. வட்டி, சொத்துவரி, இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் 30,000. மிச்சம் 6,000 டாலர். இதற்கு எதிராகச் சாதாரணத் தேய்மானம் 14,545-ஐக் கழித்தாலே 8,545 டாலர் நஷ்டம். அதாவது, பிரிக்காமலேயே வாடகை வருமானத்தின் மேல் வரி பூஜ்யம். அறிக்கை எடுத்தால் அந்த நஷ்டம் 1,04,909 ஆகும். அதைச் சம்பளத்தில் கழிக்க முடிந்தால்தானே பயன்?

முடியாது. 1986-ல் தேய்மானத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்த அதே சட்டம், வாடகை வருமானத்தைப் பொதுவாக ‘பாசிவ்’ (நேரடி உழைப்பில் வராதது) என்று முத்திரை குத்தியது. பாசிவ் நஷ்டத்தைப் பாசிவ் வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்திலோ, வங்கி வட்டியிலோ, பங்கு டிவிடெண்டிலோ முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் காகித நஷ்டத்துக்காகவே கட்டடங்களில் பங்கு வாங்கிச் சம்பாத்தியத்தின் வரியை அழித்துக்கொண்டிருந்தார்கள். அதை அடைக்கப் போட்ட பூட்டு இது. கழிக்க முடியாத நஷ்டம் வீணாவதில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளுக்குச் சுமந்து போகும். வீட்டை முழுதாக வெளியாருக்கு விற்கும் ஆண்டில் விடுபடும். ஆனால் ‘இந்த வருஷமே’ என்ற வாக்குறுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. அறிக்கைக்குக் கொடுத்த காசுதான் இந்த வருஷமே போகும்.

இந்தப் பூட்டுக்கு நான்கு சாவி உண்டு.

1. 25,000 டாலர் சலுகை. வாடகை விஷயத்தில் நீங்களே முடிவெடுப்பவராக இருந்தால் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டினால் இது குறையத் தொடங்கி, 1,50,000-ல் மறைந்துவிடும். இந்த எல்லை 1986-ல் வைத்தது. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவே இல்லை. அன்று நடுத்தர வர்க்கத்துக்கு வைத்த சலுகை இன்று இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்கு எட்டாது.

2. வேறு பாசிவ் வருமானம். கடன் அடைந்து, தேய்மானமும் தீர்ந்து, லாபம் தரும் பழைய வாடகை வீடுகள் வைத்திருப்பவர், புது வீட்டின் நஷ்டத்தை அங்கே கழிக்கலாம். பல வீடு வைத்திருப்பவர்களுக்கு இதுவே எளிய, சண்டையில்லாத வழி.

3. ரியல் எஸ்டேட் புரொஃபஷனல் தகுதி. ஆண்டுக்கு 750 மணி நேரத்துக்கு மேல் ரியல் எஸ்டேட் தொழிலில் உழைக்க வேண்டும். அது உங்கள் மொத்த உழைப்பு நேரத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் கடினம். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் அலுவலக வேலை பார்ப்பவர், 2,000-க்கும் மேல் வாடகை வீடுகளுக்கு உழைத்தேன் என்று காட்ட வேண்டும். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் தணிக்கையாளர் நம்பப் போவதில்லை. தம்பதியில் ஒருவர் தனியாக இந்த இரண்டையும் நிறைவேற்றினால் கூட்டு ரிட்டர்னுக்குப் போதும். இருவர் நேரத்தையும் கூட்டித் தகுதி காட்ட முடியாது. தகுதி கிடைத்த பின்னும், வாடகை வேலையில் கணிசமாக ஈடுபட்டதைத் தனியே நிரூபிக்க வேண்டும்.

4. குறுகிய கால வாடகை. விருந்தினர் சராசரியாகத் தங்குவது 7 நாளோ அதற்குக் குறைவோ என்றால், பாசிவ் விதிகளின் கண்ணில் அது ‘வாடகை’ அல்ல, தொழில். நீங்களே கணிசமாக உழைத்தால் நஷ்டம் சம்பளத்தில் கழியும். 750 மணி நேர நிபந்தனை இல்லை. 100 மணி நேரத்துக்கு மேல் உழைத்து, வேறு எந்தத் தனி ஆளும் உங்களைவிட அதிகம் உழைக்காமல் இருப்பது இதற்கான சோதனைகளில் ஒன்று. ஏர்பிஎன்பி வீடுகளோடு சேர்த்துக் காஸ்ட் செக்ரிகேஷன் விற்கப்படுவதன் ரகசியம் இதுதான். நிர்வாகத்தை மேனேஜ்மென்ட் நிறுவனத்திடம் விட்டு, சுத்தம் செய்ய ஆள் வைத்துவிட்டால், ‘உங்களைவிட அதிகம் உழைத்தவர்’ அவர்களாகிவிடலாம். நீங்களும் குடும்பமும் அங்கே போய்த் தங்கும் நாள்களுக்கும் தனி வரம்பு உண்டு. இப்படிப்பட்ட கட்டடம் பெரும்பாலும் 27.5-க்குப் பதில் 39 ஆண்டுக் கணக்குக்குப் போய்விடும்.

ஆகவே, அறிக்கை எடுக்கலாமா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது: இந்த நஷ்டம் எந்த வருமானத்தின் மேல் கழியும்? பதில் இல்லையென்றால் அறிக்கையைத் தள்ளிப்போடலாம். அவசரமும் இல்லை, காரணம் பின்னால் வருகிறது.

விற்கும்போது வரும் பில்

தேய்மானம் எடுக்க எடுக்க வீட்டின் கணக்கு மதிப்பு (வாங்கிய விலையில் கழித்த தேய்மானம் போக மிச்சம்) இறங்கும். விற்கும்போது லாபம் அந்த அளவுக்குப் பெரிதாகும். சாதாரணமாகக் கழித்த கட்டடத் தேய்மானத்துக்கான பங்குக்கு உச்சபட்சம் 25 சதவீத வரி. 5 ஆண்டுப் பொருள்களில் கழித்ததற்கு இந்த உச்சவரம்பு கிடையாது. உங்கள் வழக்கமான வரி அடுக்கு எதுவோ அது, 37 சதவீதம் வரை. 15 ஆண்டுப் பொருள்களிலும், போனஸால் முன்கூட்டியே எடுத்த பகுதி அப்படித்தான். இதற்கு ரீகேப்சர் என்று பெயர்.

ஆக, 24 சதவீத அடுக்கில் கழித்துவிட்டு, விற்கும் ஆண்டில் 35 சதவீத அடுக்கில் போய் நின்றால் நஷ்டமே வரலாம். மாறாக, சம்பளம் உச்சத்தில் இருக்கும்போது கழித்து, ஓய்வுபெற்ற பிறகு விற்பவருக்கு விகித வித்தியாசமும் லாபம். இரண்டு மூன்று ஆண்டில் விற்கப் போகும் வீட்டுக்கு அறிக்கை எடுப்பது பெரும்பாலும் வீண் வேலை.

பாரத்தைக் குறைக்க வழியும் உண்டு. விற்பனை விலையைப் பங்கிடும்போது, ஆறு வருஷம் மிதிபட்ட கார்ப்பெட்டுக்கும் பழைய ஃப்ரிட்ஜுக்கும் இன்று நியாயமாக என்ன விலையோ அதைத்தான் போட வேண்டும். ரீகேப்சர் அந்த அளவோடு நின்றுவிடும். ஒரு சொத்தை விற்று இன்னொரு சொத்து வாங்கும் 1031 பரிமாற்றத்தில் வரி தள்ளிப்போகும். ஆனால் 2018 முதல் அது அசையாச் சொத்துக்கு மட்டுமே என்பதால், பிரித்தெடுத்த பொருள்கள் அங்கே தனிச் சிக்கல் தரலாம். சொத்து உரிமையாளர் இறந்துபோனால், வாரிசுக்கு அன்றைய சந்தை மதிப்பே புதிய கணக்கு மதிப்பு. எடுத்த தேய்மானமெல்லாம் யாரும் திருப்பிக் கேட்காமல் மறைந்துவிடும். பரம்பரையாக வைத்திருக்கும் பணக்காரக் குடும்பங்களுக்கு இந்த முறை ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அறிக்கை, பழைய வீடு

நல்ல அறிக்கைக்கு ஒரு பொறியாளர் வீட்டைப் பார்த்து, வரைபடத்தையும் கட்டுமானச் செலவுத் தரவையும் வைத்துப் பொருள் வாரியாக விலை போடுவார். புகைப்படமும் கணக்கும் கூடவே இருக்கும். கட்டணம் கட்டடத்தின் அளவைப் பொறுத்து மாறும்; பெரிய வணிகக் கட்டடத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். இவ்வகை வீட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டைவிரல் கணக்கில் தயாரித்த காகிதம் தணிக்கையில் நிற்பது கஷ்டம். எத்தனை சதவீதம் பிரித்துத் தருவோம் என்று வீட்டைப் பார்க்கும் முன்பே உறுதி சொல்பவரிடமிருந்து விலகி நிற்கலாம்.

அவசரமில்லை என்றேன் அல்லவா? 2021-ல் வாங்கிய வாடகை வீட்டுக்கு அன்று அறிக்கை எடுக்கவில்லை என்றால் இன்றும் எடுக்கலாம். பழைய ரிட்டர்ன்களைத் திருத்த வேண்டாம். கணக்கு முறையை மாற்றுவதற்கான படிவம் 3115-ஐ இந்த ஆண்டு ரிட்டர்னோடு இணைத்தால், இத்தனை ஆண்டுகளில் விடுபட்ட தேய்மானம் முழுவதையும் ஒரே ஆண்டில் கழிக்கலாம். போனஸ் விகிதம் வீடு பயன்பாட்டுக்கு வந்த ஆண்டுடையது. 2021 என்றால் 100, 2024 என்றால் 60. எனவே வருமானம் 1,50,000-க்குக் கீழே இறங்கும் ஆண்டுக்கோ, தம்பதியில் ஒருவர் வேலையை விட்டு வீடுகளை முழு நேரம் கவனிக்கும் ஆண்டுக்கோ இதைச் சேமித்து வைக்கலாம்.

மாநில வரியும் சென்னை ஃபிளாட்டும்

இதுவரை சொன்னது மத்திய வரி. கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் போனஸ் தேய்மானத்தை ஏற்பதில்லை. அங்கே மாநில ரிட்டர்னுக்குத் தனித் தேய்மானக் கணக்கு ஆண்டுதோறும் ஓட்ட வேண்டும். டெக்ஸாஸில் தனிநபர் வருமான வரியே இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்காவில் வரி கட்டும் பலர் கேட்கும் இன்னொரு கேள்வி, ஊரில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட்டுக்கு இதைச் செய்யலாமா என்பது. அமெரிக்க ரிட்டர்னில் அந்த வாடகையைக் காட்ட வேண்டும், தேய்மானமும் உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் குடியிருப்புக்கு 30 ஆண்டு சமக் கழிவுதான். 2018-க்கு முன் வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தால் 40 ஆண்டு. வெளிநாட்டில் பயன்படும் பொருளுக்குப் போனஸ் கிடையாது என்பதால், பிரித்துப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் தேறாது. இந்திய ரிட்டர்னில் வீட்டுச் சொத்து வருமானத்துக்குத் தேய்மானம் என்ற பேச்சே இல்லை. கட்டிய சொத்துவரியைக் கழித்த பின் வரும் தொகையில் 30 சதவீதத்தை, பில் எதுவும் கேட்காமல், நிலையான கழிவாகக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக் கடன் இருந்தால் அதன் வட்டி தனி.